இரும்புப் பாலமும் ஆற்காட்டுக் கிளைவும்

இங்கிலாந்து போய் வரும் நம்மவர்களின் ஆல்பம் எல்லாம் ஒரே அச்சு. பிக் பென், டவர் பிரிட்ஜ், மெழுகு பொம்மை மியூசியம், நேரம் இருந்தால் ஸ்டோன்ஹெஞ்ச். ஷ்ராப்ஷயர் என்று ஒரு கவுண்டி இருப்பதே (கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்ம ஊர் மாவட்டம்) பலருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தமிழ்நாட்டுச் சரித்திரத்தோடு நேரடியாக முடிச்சு விழுந்த இங்கிலாந்து மாவட்டம் எது என்று யாராவது கேட்டால், நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

காரணம் ராபர்ட் கிளைவ். பிறந்தது அந்த மாவட்டம், தேர்தலில் நின்றது அந்த மாவட்டம், புதைக்கப்பட்டதும் அந்த மாவட்டம். நடுவில் சம்பாதித்தது மட்டும் நம்ம ஊரில்.

கிளைவுக்கு வருவதற்கு முன் அந்த மண்ணின் இன்னொரு பெருமையைப் பார்த்துவிடுவோம். அது இரும்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நான் சொல்ல வருவது புரியும்.

பானை வார்த்த டார்பி

ஷ்ராப்ஷயர் வேல்ஸ் எல்லையை ஒட்டி, பர்மிங்காமுக்கு வடமேற்கே இருக்கிறது. செவர்ன் என்ற ஆறு குறுக்கே ஓடுகிறது. தலைநகரமான ஷ்ரூஸ்பரியை அந்த ஆறு குதிரை லாடம்போல வளைத்துக்கொண்டு போகும். அங்கிருந்து ஆற்றோடு கீழே போனால் ஒரு குறுகலான பள்ளத்தாக்கு. அதன் ஓரத்தில் கோல்புரூக்டேல் என்ற சிற்றூர்.

அந்தக் காலத்தில் இரும்புத் தாதுவை உருக்க மரக்கரிதான் வேண்டும். மரக்கரிக்குக் காடு வேண்டும். காட்டை எவ்வளவுதான் வெட்டுவது? நிலக்கரி பூமிக்கடியில் நிறைய இருந்தது. ஆனால் அதை அப்படியே உலையில் போட்டால் அதிலுள்ள கந்தகம் இரும்பில் ஏறி, இரும்பு உடையத் தொடங்கிவிடும். 1709-ல் ஆப்ரகாம் டார்பி என்பவர் கோல்புரூக்டேலில் ஒரு பழைய உலையைக் குத்தகைக்கு எடுத்து, நிலக்கரியை முதலில் சுட்டுக் 'கோக்' ஆக்கி, அதைக்கொண்டு இரும்பை உருக்கிக் காட்டினார். அந்தப் பக்கத்து நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

அதை வைத்து அவர் வார்த்து விற்ற முக்கியமான சரக்கு என்ன தெரியுமா? சமையல் பானை! மணல் அச்சில் மெல்லிய இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707-லேயே காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். பிறகு அதே ஊரில் நீராவி எஞ்சினுக்கு உருளைகள் வார்த்தார்கள். 1767-ல் இரும்புத் தண்டவாளம் வார்த்தார்கள். 'தொழிற்புரட்சி பிறந்த இடம்' என்று இந்தப் பள்ளத்தாக்கைச் சொல்வது இதனால்தான். கொஞ்சம் மிகைதான், மான்செஸ்டர்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் அடிப்படை இல்லாத பேச்சு இல்லை.

டார்பியின் உலை பிற்காலத்தில் கைவிடப்பட்டு, மண் மூடிக் கிடந்தது. முதல் உருக்குக்கு 250 ஆண்டு நிறைந்த 1959-ல், அப்போது அங்கே தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்த கம்பெனியே அதைத் தோண்டி எடுத்துச் சுத்தம் செய்து, பக்கத்தில் சின்னதாக ஒரு அருங்காட்சியகமும் வைத்தது. 1967-ல் இதற்கென்றே ஒரு அறக்கட்டளை அமைந்தது. 1986-ல் பள்ளத்தாக்கு முழுவதும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் தொகுதிச் சின்னங்களில் இதுவும் ஒன்று. அதாவது தாஜ்மகால் வகையறா! ஒரு பழைய கரி பிடித்த உலைக்கு.

ராஜா வந்தாலும் காசு

டார்பியின் பேரன் பெயரும் ஆப்ரகாம் டார்பிதான், மூன்றாமவர். இவர் காலத்தில் செவர்ன் ஆற்றைக் கடக்க பரிசல், படகுதான் கதி. தாமஸ் பிரிட்சர்ட் என்ற கட்டடக் கலைஞர் இரும்பிலேயே பாலம் போடலாம் என்று வரைந்து கொடுத்தார். பாலம் எழும்புவதற்குள் அவர் இறந்துவிட்டார். டார்பி விடவில்லை. 1779-ல் ஆற்றின் குறுக்கே 100 அடி அகலத்துக்கு ஒரே வளைவாக இரும்புச் சட்டங்கள் ஏறின. 1781 புத்தாண்டு நாளில் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம் இதுதான். அதன் பெயரிலேயே அங்கே ஒரு ஊரும் வந்தது, அயர்ன்பிரிட்ஜ்.

இந்தப் பாலத்தில் எனக்குப் பிடித்தது அதன் மூட்டுகள். இரும்பில் பாலம் கட்டி யாருக்கும் பழக்கமில்லை. அதனால் தச்சர்கள் மரத்தில் செய்வதுபோலவே துளையும் கழுந்தும் வைத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஆப்படித்து இறுக்கியிருக்கிறார்கள். புதுப் பொருள் கைக்கு வந்துவிட்டது, கைக்குத் தெரிந்த வேலை மட்டும் பழையது.

இதை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1997-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு நீர்வண்ண ஓவியம் கண்ணில் பட்டது. எலியாஸ் மார்ட்டின் என்ற ஸ்வீடன் ஓவியர், பாலம் கட்டும்போதே நேரில் பார்த்து வரைந்தது. அதில் மரச் சாரமும் பாதி எழும்பிய வளைவும் தெளிவாகத் தெரிந்தன. அதைப் பார்த்து, பாதி அளவில் ஒரு பாலத்தையே கட்டி, அந்த முறை சரிப்பட்டு வருமா என்று சோதித்தும் பார்த்துவிட்டார்கள். விடாப்பிடி என்றால் இது!

பணம்? மதிப்பீடு 3,200 பவுண்டு. செலவு அதைவிட எவ்வளவோ ஏறிவிட்டது, மிச்சம் டார்பி தலையில். கடன் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1789-ல் 39 வயதில் இறந்துபோனார்.

போட்ட பணத்தை எடுக்கச் சுங்கம் வைத்தார்கள். சுங்கச்சாவடியில் இருந்த கட்டணப் பலகை ரொம்பப் பிரசித்தம். கடமையில் இருக்கும் ராணுவ வீரனாக இருந்தாலும், ராஜ குடும்பமாகவே இருந்தாலும், காசு கொடுத்துத்தான் கடக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். நம்ம ஊர் டோல்கேட்டில் வி.ஐ.பி. விலக்குப் பட்டியலைப் படித்துப் பழகியவர்களுக்கு இது நிச்சயம் ஆச்சரியமாக இருக்கும். 1934-ல் வண்டிகளுக்குப் பாலத்தை மூடினார்கள். நடந்து போகிறவர்களிடம் 1950 வரை காசு வாங்கினார்கள்.

இளைஞர்களும் பிஞ்சுகளும்

ஷ்ரூஸ்பரியின் ஓரத்தில் டிதரிங்டன் என்ற இடம். அங்கே 1797-ல் சார்லஸ் பேஜ் என்பவர் வடிவமைத்த ஒரு நூல் ஆலை இருக்கிறது. ஆளிச்செடி நாரிலிருந்து லினன் நூல் நூற்கும் ஆலை. வெளியே பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே தூணும் உத்தரமும் வார்ப்பிரும்பு. மரத் தளம் போட்ட ஆலைகள் அடிக்கடி தீப்பிடித்து எரிந்ததால் இந்த ஏற்பாடு. இரும்புச் சட்டகத்தில் நின்ற உலகின் முதல் கட்டடம் என்பதால், வானளாவிய கட்டடங்களுக்கெல்லாம் பாட்டன் என்று இதைச் சொல்வார்கள். பின்னால் இது பீருக்கான முளைதானியம் தயாரிக்கும் இடமாக மாறி, 1987-ல் அதுவும் நின்றுபோய், பாழடைந்து கிடந்தது. 2005-ல் அரசின் பாரம்பரிய அமைப்பு வாங்கிப் பழுதுபார்த்து, 2022-ல் மக்களுக்குத் திறந்துவிட்டது.

இந்த ஆலையின் கதையில் குழந்தைகள் இருக்கிறார்கள். அநாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவந்து வேலை வாங்கினார்கள். அவர்கள் தங்கிய விடுதி இன்றும் ஆலை வளாகத்தில் நிற்கிறது. தொழிற்சாலைச் சிறுவர்கள் பற்றி 1832-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, பத்து வயதில் இந்த ஆலையில் சேர்ந்த ஒருவர் சாட்சி சொன்னார். வேலை மும்முரமாக இருந்தால் காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிவரை ஓடும் என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பழைய இடத்தைப் பார்க்கப் போனால் மூன்று கேள்வி கேட்கலாம். எப்படிச் செய்தார்கள்? யார் காசு? யார் உழைப்பு? ஷ்ராப்ஷயர் தன் இரும்பைப் பொறுத்தவரை இந்த மூன்றுக்கும் பதிலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறது. மூட்டை எப்படிச் செருகினார்கள் என்பதும் தெரிகிறது, டார்பியின் கடனும் தெரிகிறது, பத்து வயதுப் பையனின் 15 மணி நேரமும் தெரிகிறது.

அதே மூன்று கேள்வியை அதே மாவட்டத்தின் இன்னொரு சின்னத்திடம் கேட்டுப் பார்ப்போமா?

சதுக்கத்தில் ஒரு சிலை

ஷ்ரூஸ்பரியின் நடு மையத்தில், பழைய சந்தை மண்டபத்துக்கு முன்னால் கிளைவின் வெண்கலச் சிலை. மரோகெட்டி என்ற சிற்பி செய்தது. நிறுவியது 1860-ல். கிளைவ் இறந்தது 1774. அப்படியென்றால் 86 வருடம் கழித்து ஏன் திடீரென்று ஞாபகம் வந்தது? 1857-ல் வட இந்தியாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கி முடித்த கையோடு, கம்பெனி ஆட்சி போய் மகாராணி ஆட்சி வந்திருந்த நேரம் அது. இந்தியா நம்முடையது என்று ஊர் நடுவில் சொல்லிக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

சிலை சொல்வது பெயர் மட்டும்தான். மிச்சத்தை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கிளைவ் பிறந்தது 1725-ல், மார்க்கெட் டிரேட்டன் பக்கத்தில் ஸ்டைச் என்ற வீட்டில். அப்பா வக்கீல், பேருக்குத்தான் நிலபுலன், எல்லாம் கடனில். பையன் படு சுட்டி. ஊர் சர்ச் கோபுரத்தில் ஏறி, தண்ணீர் விழும் கல் பொம்மைமேல் உட்கார்ந்துகொண்டான் என்ற கதையை அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். வீட்டில் பார்த்தார்கள், கம்பெனியில் குமாஸ்தா வேலை வாங்கிக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். 1744-ல் 18 வயதில் மதராஸில் வந்து இறங்கினார். வீட்டுக் கடனுக்காக 18 வயதில் ஊரைவிட்டு வேலைக்குப் போன பையன். இதுவரை நம்மில் பாதிப்பேர் கதைதான்! வித்தியாசம் அதற்குப் பிறகு.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தபோது தப்பிக் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஓடினார். பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினார். 1751-ல் கர்நாடக நவாப் பட்டத்துக்குச் சண்டை. சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலி பக்கம் ஆங்கிலேயர்கள். முகமது அலி திருச்சியில் முற்றுகையில் சிக்கியிருந்தார். எதிரியின் கவனத்தைத் திருப்ப, சந்தா சாகிப்பின் தலைநகரான ஆற்காட்டையே பிடித்துவிடலாம் என்று கிளைவ் கிளம்பினார். கூட வந்தது 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள்.

காவலுக்கு இருந்தவர்கள் ஓடிவிட, கோட்டை சண்டையில்லாமல் கிடைத்தது. அப்புறம்தான் சோதனை. சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் பெரும்படையோடு வந்து சூழ்ந்துகொண்டார். 50 நாள் முற்றுகை. கடைசித் தாக்குதலில் யானைகளின் நெற்றியில் இரும்புத் தகடு கட்டிக் கோட்டைக் கதவை முட்டவிட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் மிரண்ட யானைகள் திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன. நவம்பரில் முற்றுகை முடிந்தது. கிளைவின் பெயர் லண்டன்வரை போனது.

இந்த முற்றுகை பற்றி ஒரு கதை உண்டு. சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தபோது சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்றார்களாம். மெக்காலே 1840-ல் எழுதிய கட்டுரையால் இது உலகப் புகழ் பெற்றது. நடந்ததோ இல்லையோ, ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கதையில் ஒரு சிப்பாய்க்கும் பெயர் கிடையாது. கஞ்சி குடித்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், என்ன ஆனார்கள், ஒன்றும் தெரியாது. யார் உழைப்பு என்ற கேள்விக்குச் சிலையிடம் பதில் இல்லை.

பெயர் தெரிந்த ஒருவர் உண்டு. அதே காலத்தில் ஆங்கிலேயரின் சிப்பாய்ப் படையில் தளபதியாக உயர்ந்த யூசுப்கான், நாம் மருதநாயகம் என்று சொல்பவர். ஆங்கிலேயருக்காக மதுரைச் சீமையை அடக்கி ஆண்டார். பிறகு அவர்களையே எதிர்த்தார். 1764-ல் மதுரையில் தூக்கில் தொங்கினார். ஒரே போர்ப் பள்ளியில் தேறிய இருவரில் ஒருவருக்குப் பிரபு பட்டம், இன்னொருவருக்குத் தூக்குக் கயிறு.

யார் காசு?

1753-ல் கிளைவ் ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரி சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார். கையில் நல்ல பணம். போர்ப்பரிசு மட்டும் இல்லை. படைகளுக்கு உணவுப்பொருள் வாங்கித் தரும் பொறுப்பு அவரிடம் இருந்தது, அதில் கமிஷன். அந்தப் பணத்தில் அப்பாவின் கடனை அடைத்து, குடும்பச் சொத்தை மீட்டார். ஷ்ராப்ஷயரில் ஒரு வீட்டின் அடமானம் கர்நாடகச் சீமைக் காசில் மீண்டது என்று தாராளமாகச் சொல்லலாம்.

பிறகு வந்தது பிளாசி, 1757. அந்தக் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தில்லியிலும் புனேயிலும் படிக்கிற பிள்ளைகளின் பாடத்தில் கிளைவ் என்றாலே பெரும்பாலும் பிளாசிதான். மீர் ஜாபர் கொடுத்த அன்பளிப்பு 2,34,000 பவுண்டு. போதாததற்கு வருடம் 27,000 பவுண்டு வருமானம் உள்ள ஜாகீர். மூன்றாம் டார்பி 3,200 பவுண்டு மதிப்பீட்டில் இறங்கிக் கடனாளியான அதே மாவட்டம்தான் இது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் பாருங்கள்.

ஷ்ரூஸ்பரியின் நாடாளுமன்ற உறுப்பினர் 1761 முதல் சாகும்வரை கிளைவ்தான். 1762-ல் மேயரும் அவரே. 1770-ல் வங்காளத்தில் கொடும் பஞ்சம். 1772, 1773-ல் நாடாளுமன்றத்தில் அவர் சேர்த்த சொத்து பற்றி விசாரணை. தண்டனையில்லாமல் தப்பித்தார். அடுத்த வருடம் 49 வயதில் லண்டன் வீட்டில் இறந்தார். தற்கொலை என்றே பலரும் கருதுகிறார்கள். பிறந்த வீட்டுக்குப் பக்கத்தில் மோர்ட்டன் சே கிராமத்துச் சர்ச்சில் புதைத்தார்கள். இன்ன இடம் என்று காட்ட ஒரு கல்லறைக் கல் இல்லை. சுவரில் ஒரு சின்னப் பலகை மட்டும், 'இந்தியாவில் முதல்வர்' என்ற பொருளில் லத்தீனில் இரண்டு மூன்று சொல்.

அப்பா தொடங்கியது, மகன் முடித்தது

கதை இதோடு நிற்கவில்லை. கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ், ஷ்ராப்ஷயரின் லார்ட் லெப்டினென்டாக இருந்தவர், 1798-ல் மதராஸ் கவர்னராக வந்தார். 1803 வரை இருந்தார். அந்த ஐந்து வருடத்தில் இங்கே என்னென்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். 1799-ல் திப்பு வீழ்ந்தார். அதே வருடம் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில். எல்லாம் இந்தக் கிளைவ் கவர்னராக இருந்தபோது.

1801-ல் இன்னொன்றும் நடந்தது. கர்நாடக நவாபின் ஆட்சி உரிமை முழுவதும் ஒப்பந்தம் போட்டுக் கம்பெனிக்கு எழுதி வாங்கப்பட்டது. 1751-ல் முகமது அலியை நவாப் ஆக்குவதற்காக அப்பா ஆற்காட்டுக்குப் போனார். சரியாக 50 வருடம் கழித்து அந்த நவாப் பரம்பரைக்குப் பட்டத்தையும் ஓய்வூதியத்தையும் விட்டுவிட்டு நாட்டை எடுத்துக்கொண்டார் மகன். ஒரு ஷ்ராப்ஷயர் குடும்பத்தின் இரண்டு தலைமுறைக்குள் நம் ஊர் கைமாறிய கதை முடிந்துவிட்டது.

இந்த மகன் கட்டிய மண்டபத்தை உங்கள் எல்லாருக்கும் தெரியும். திப்புமேல் பெற்ற வெற்றியையும் பிளாசி வெற்றியையும் கொண்டாட, விருந்து மண்டபமாக 1802-ல் எழுந்தது. இன்றைய பெயர் ராஜாஜி மண்டபம். 2016-ல் ஜெயலலிதாவுக்கும் 2018-ல் கருணாநிதிக்கும் இறுதி அஞ்சலி நடந்ததை வெளியூரில் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தோமே, அந்த அகலப் படிக்கட்டு அதனுடையதுதான்.

இரண்டு பாதி

2020-ல் சிலைகளுக்கு எதிராக உலகெங்கும் குரல் எழுந்தபோது ஷ்ரூஸ்பரி கிளைவையும் எடுக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். எடுப்பதில்லை என்று கவுன்சில் முடிவு செய்தது. எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்தும், ஆனால் காரணம் வேறு. சிலையை எடுத்துவிட்டால் கேள்வி கேட்க ஆளே இல்லாமல் போய்விடும். நிற்கட்டும். பாலத்துக்குச் செய்த நியாயத்தை அந்த மாவட்டம் இந்தச் சிலைக்கும் செய்யட்டும். எப்படி, யார் காசு, யார் உழைப்பு என்று பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும்.

அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. கதையின் மறுபாதி நம்மிடம் இருக்கிறது. ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் தில்லி வாசல் இன்னும் நிற்கிறது. கோட்டையில் மிச்சமிருப்பது ஏறக்குறைய அதுதான். பெங்களூரிலிருந்தோ புனேயிலிருந்தோ காரில் சென்னைக்குப் போகிற எத்தனை குடும்பம், ஆற்காடு மக்கன் பேடா வாங்க நிறுத்துவதோடு சரி! ஒரு உலையைத் தோண்டி எடுத்து, அதன் கதையை அயலானுக்கும் புரியும்படி சொன்னதால்தான் கோல்புரூக்டேல் கோல்புரூக்டேல் ஆனது. 50 நாள் முற்றுகையைப் பார்த்த வாசலுக்கு நம் பிள்ளைகளிடம் சொல்லக் கதை இல்லையா என்ன?

ஆன்சைட் என்றோ, பிள்ளையைப் பார்க்கவோ பர்மிங்காம் பக்கம் போகிறவர்கள் ஒரு சனி ஞாயிறை ஷ்ராப்ஷயருக்கு ஒதுக்குங்கள். ரயிலில் ஷ்ரூஸ்பரி சுமார் ஒரு மணி நேரம். முதலில் பாலம், உலை, நூல் ஆலை, கடைசியில் சதுக்கம் என்ற வரிசையில் பாருங்கள். அயர்ன்பிரிட்ஜ் அருங்காட்சியகங்களை நேஷனல் டிரஸ்ட் ஏற்கப்போவதாக 2025-ல் அறிவித்தார்கள், அதனால் எது எது திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஆற்காட்டிலும் அரை மணி நேரம் இறங்குங்கள். பிள்ளைகளை அந்த வாசலின் கீழே நிறுத்தி அதே மூன்று கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.